மைனி மாற்றிய வயர்

மைனி ஸ்டூலின் மேல் ஏறி நின்று, தொட்டில் கட்டுவதற்கென்று கூரையில் போட்டிருந்த கொக்கியில் ஸ்பீக்கர் வயரைக் கோத்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் கீழே நின்று, சுருள் முறுக்கிக்கொள்ளாமல் வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உறைக்கு வெளியிலிருந்தே செம்பு இழைகள் தெரியும் தடித்த வயர் அது. இரண்டு கம்பிகள் பக்கம் பக்கமாக ஒட்டியிருக்கும். ஒன்றின் ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு ஓடும். தரையில் போட்டால் எலி கடிக்கும், துடைப்பத்தில் சிக்கும் என்று மேலே கொண்டுபோனாள். அறையின் நடுவில் வயர் தொய்ந்து விழாமல் தாங்கிப் பிடிக்க ஏதாவது வேண்டியிருந்தது. அங்கே கொக்கி இருந்தது. அதற்குமேல் அவள் ஒன்றும் யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அம்மா வாசலில் வந்து நின்றாள். அந்த வாரம் முழுக்க அவள் மைனியிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மேலே பார்த்தாள், வயரைப் பார்த்தாள், கேட்டாள்: “அந்தக் கொக்கி என்னத்துக்குப் போட்டதுன்னு உனக்குத் தெரியுமா?”

மைனி திரும்பக்கூட இல்லை. “தெரியும் மாமி. சும்மா கெடக்கதுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு, “மக்கா, இன்னும் கொஞ்சம் விடு” என்றாள் என்னிடம்.

அந்தப் பதிலைத் திமிர் என்று சொன்னவர்கள் எங்கள் குடும்பத்தில் உண்டு. இன்றும் சொல்கிறார்கள். சொல்லிக்கொண்டு போகட்டும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான். பெரியவர்களிடம் குரலை உயர்த்தாமல், கையில் இருக்கிற வேலையையும் நிறுத்தாமல் ஒரு பெண் இப்படிப் பேச முடியும் என்று நான் அன்றைக்குத்தான் கண்டேன். என் அண்ணனின் மனைவியை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன்; நாத்தனாராகிய நான் அவளைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் அந்தப் பதில்தான் என்றுகூடச் சொல்லலாம்.

எங்கள் வீடு அமரவிளையில், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் வழியில் இருக்கிறது. அப்பா இறந்த பிறகு அண்ணன் கட்டிய வீடு. காங்கிரீட் போடும் அன்று அம்மா மேஸ்திரியின் பின்னாலேயே நடந்து, உள்ளறையில் கம்பி வளைத்துக் கொக்கி போட வைத்தாள். அண்ணனுக்குப் பெண் பார்க்கவே அப்போது தொடங்கியிருக்கவில்லை. முதலில் கொக்கி வந்தது, பிறகுதான் மைனி வந்தாள். வரிசை அப்படித்தான் இருந்தது, அம்மாவின் மனதிலும்.

மைனி பனச்சமூட்டுக்காரி. நல்ல உயரம். நெய்யாற்றின்கரையில் ஒரு மொத்த மருந்துக் கடையின் அலுவலகத்தில் கணக்கு எழுதினாள். எங்கள் சபையின் பாடகர் குழுவான கொயரில் சேர்ந்து ஆல்டோ பாடினாள். கொயரில் பாடாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: பெண்களில் மேல் குரலில் பாடுகிறவர்கள் மெட்டைப் பாடுவார்கள், அதுதான் எல்லோர் காதிலும் விழும். ஆல்டோ அதற்குக் கீழே நடக்கிற குரல். அது இல்லாவிட்டால் பாட்டு வெறுமையாகிவிடும், ஆனால் இருக்கும்போது அதைத் தனியாகக் கேட்டவர் எவரும் இருக்க மாட்டார்கள். “எங்க வீட்டு மருமவ கொயர்ல பாடுதா” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அம்மாவுக்கே, அவள் பாடுவது எது என்று தெரியாது.

கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தை இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர், நாகர்கோவிலில் ஒரு டாக்டர், இடையில் பெயர் சொல்ல விரும்பாத சில வைத்தியங்கள். நான் அப்போது லேப் டெக்னீஷியன் படிப்பு முடிக்கிற நேரம். இரத்தம் எடுத்து எடுத்து அவளுடைய இடது கை நரம்பு எப்படிக் கல்லாகிப் போயிருந்தது என்று தொட்டுப் பார்த்தால் எனக்குத் தெரியும். வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த எந்தப் படத்திலும் அப்படிப்பட்ட நரம்பு இல்லை. கடைசியில் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவளும் அண்ணனும் திரும்பி வந்து, மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, மீன்கறியை ஊற்றிக்கொண்டே சொன்னாள், இனி போகவில்லை, ரெண்டு பேரும் பேசி முடிவு செய்தாயிற்று என்று. அழவில்லை. அண்ணன் தலையாட்டினான். அம்மா எழுந்து போய்விட்டாள்.

மறு வாரம் மைனி உள்ளறையைத் திறந்தாள். அதுவரை அந்த அறையில் யாரும் புழங்கியதில்லை. ஒரு புதுப் பாயும், உறவில் யாரோ கொடுத்த சின்ன மெத்தையும் பாலித்தீன் உறையோடு கிடந்தன. மெத்தையை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. மேசையைப் போட்டாள், கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தாள், ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மருத்துவமனையை நிறுத்த முடிந்தது. சபையை நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனையில், நோயாளிகள், வெளிநாட்டில் இருப்பவர்கள், தேர்வு எழுதுகிறவர்கள் என்று பெயர் சொல்லி ஜெபிக்கும்போது, ‘கர்ப்பத்தின் கனிக்காகக் காத்திருக்கிறவர்கள்’ என்று ஒரு பகுதி வரும். ஒன்பது வருடமாக அதில் மைனி பெயரும் அண்ணன் பெயரும் உண்டு. கொயர் எங்கள் கோயிலில் பக்கவாட்டில், சபையாரைப் பார்த்தபடி உட்காரும். கண்ணை மூடி ஜெபிக்க வேண்டிய நேரத்தில் கண்ணைத் திறந்து அவள் வயிற்றைப் பார்ப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். சேலையைச் சரிசெய்கிறாளா, கொஞ்சம் சதை போட்டிருக்கிறாளா என்றெல்லாம் பார்ப்பார்கள். கெட்டவர்கள் இல்லை அவர்கள். அதுதான் எரிச்சலே. கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

மைனி நேராகப் போய் அச்சனிடம் கேட்டாள். எங்கள் பக்கம் பாதிரியாரை அச்சன் என்றுதான் அழைப்பார்கள். பெயரை எடுத்துவிடுங்கள், எங்களுக்கு இனி அந்தக் காத்திருப்பு இல்லை என்று சொன்னாள். அச்சன் சாந்தமான மனிதர். பெயர் கொடுத்தது உங்கள் மாமியார், அவர் வந்து சொல்லாமல் நான் எப்படி எடுப்பது, ஒரு தாயின் ஜெபம் அல்லவா என்றார். அம்மாவிடம் கேட்டால், ஜெபத்தை நிறுத்தச் சொல்ல நான் யார் என்று அவள் கையை விரித்தாள். ஆக, மைனியின் வயிற்றின் மேல் அதிகாரம் அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் இருந்தது. அவள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தன்னை ஒரு குறையாக வாரா வாரம் வாசிக்க வேண்டாம் என்றுதான் கேட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் அவள் ஸ்பீக்கர் வாங்கினாள். கம்ப்யூட்டரோடு வருகிற பிளாஸ்டிக் பொம்மைகள் இல்லை; மரப்பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர், அதற்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். கொயர் பாட்டுகளைப் போட்டுத் தன் பகுதியைக் கேட்டுப் பழக வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. எதற்கு இது என்று அண்ணன் கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவன் எதையும் அப்படித்தான் கேட்பான். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுக்கிறவன். மைனி சொன்னாள்: “ஊருல உள்ளவ எல்லாரும் எங்கிட்ட கேட்டாச்சு. இனி நான் கொஞ்சம் கேக்கட்டு.”

பெட்டியோடு வந்த வயர் குட்டையாகவும் நூல் போலவும் இருந்தது. ஸ்பீக்கர் இரண்டும் மானிட்டரை ஒட்டியே நிற்க வேண்டியதாயிற்று. சத்தம் எல்லாம் ஒரே இடத்தில் கூட்டமாக நெரிந்தது. அறையின் இரண்டு மூலைக்கும் கொண்டுபோனால் நன்றாக இருக்கும் என்று, வீட்டில் கிடந்த பழைய காலிங்பெல் வயரை முறுக்கிச் சேர்த்து நீளமாக்கினாள். அதற்குப் பிறகு கீழ்க்குரல்கள் மெலிந்து போயின. முறுக்கிய இடத்தில் காற்றுப் பட்டால்கூடக் கரகரவென்றது. ஒரு ஸ்பீக்கர் நினைத்தால் பாடும், நினைத்தால் நிறுத்தும். ஒட்டு இல்லாமல் ஒரே நீளத்தில், தடியான வயராக மாற்றிவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். செம்பு என்றால் செம்புதான், மின்சாரத்துக்கு என்ன கண்ணா இருக்கிறது என்று அண்ணன் சிரித்தான். அவள் போனை எடுத்து, ஸ்பீக்கர் வாங்கிய நெய்யாற்றின்கரைக் கடைக்கே பேசினாள்.

கதவு சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடியது. நான் அதே அறையில் கீழே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், அதனால் அவள் பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. கடைக்காரர் மலையாளி என்பதால் மலையாளத்தில் பேசினாள். “மூணு மாசமாயி சேட்டா. வயர் இத்திரி வலுதாவணம். ரெண்டெண்ணம் உண்டு.” வாங்கி மூன்று மாதமாகிறது, வயர் கொஞ்சம் பெரிதாக வேண்டும், இரண்டு ஸ்பீக்கர் இருக்கிறது என்று பொருள். கதவுக்கு வெளியே அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மலையாளத்தில் வயிறும் வயர்தான், மின்கம்பியும் வயர்தான். தமிழில் எங்கள் பக்கம் வயிற்றை வயறு என்போம். வீட்டில் ஒன்று பேசி, கடையில் ஒன்று பேசி, கோயிலில் இரண்டையும் கலந்து பாடுகிற எங்களைப் போன்றவர்களின் காதில் இதெல்லாம் ஒரே பெட்டியில்தான் கிடக்கும். எது வேண்டுமோ அதைக் காது எடுத்துக்கொள்ளும். அம்மாவின் காது ஒன்பது வருடமாக ஒரே ஒரு செய்திக்குத்தான் காத்திருந்தது. மூன்று மாதம், வயறு பெரிதாகும், இரண்டு எண்ணம் உண்டு. இரட்டை.

நேரடியாகக் கேட்டால் கண் பட்டுவிடும் என்று அம்மாவுக்குப் பயம். மருமகளே தன் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அந்த நாட்களில் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. மைனி வாளியைத் தூக்கினால் அம்மா ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள். மீனில் நடுத்துண்டு மைனிக்கு. பஸ்ஸில் போகாதே, ஆட்டோ பிடி என்றாள். “எனக்க மக்கா” என்று கூப்பிட்டாள். சிகிச்சையை நிறுத்தியதை அம்மா ஒருவழியாக ஏற்றுக்கொண்டாள் என்றுதான் மைனி நினைத்தாள். என்னிடம் அப்படியே சொன்னாள். சந்தோஷமாக இருந்தாள். அம்மா செய்த தவறில் எனக்கு இன்றும் ஆறாமல் இருப்பது அந்தச் சந்தோஷம்தான்.

அம்மா யாரிடமும் சொல்லவில்லை. பெண்கள் சங்கத்தின் செகரட்டரி அக்காவிடம் மட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிச் சொன்னாள். செகரட்டரி அக்காவும் யாரிடமும் சொல்லவில்லை. அச்சனிடம் மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. ஜெபத்துக்கு முன் அச்சன் கண்ணாடியைக் கழற்றி, ஒரு சந்தோஷச் செய்தி உண்டு என்றார். நெடுநாள் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது, இரட்டை ஆசீர்வாதமாகவே கிடைத்தது என்று அண்ணன் பெயரையும் மைனி பெயரையும் சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. முன்னால் இருந்தவர்கள் திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் இருந்த எனக்குப் பொறி தட்டிவிட்டது. மூணு மாசம், ரெண்டெண்ணம் என்ற சொற்கள் மண்டைக்குள் ஓடின. நான் கொயர் பக்கம் பார்த்தேன். மைனியின் முகத்தில் முதலில் குழப்பம், பிறகு கணக்குப் போடுகிற பார்வை. பிறகு அவள் எழுந்தாள்.

“அச்சா, ஒரு திருத்தம் உண்டு” என்றாள். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்டது. “எனக்க வயத்துல ஒண்ணும் இல்ல. நான் கடையில சொன்னது ஸ்பீக்கருக்க வயராக்கும். மாமி வயறுன்னு கேட்டுட்டாங்க.”

யாரோ ஒருவர் சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். அச்சன் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அதோடு உட்கார்ந்திருந்தால் அது ஒரு வேடிக்கையாகவே முடிந்திருக்கும். மைனி உட்காரவில்லை. “இன்னொண்ணு. எனக்கு இனி அது வேண்டாம். எனக்க பேர அதுல வாசிக்காதீங்க. நான் காத்திருக்கேல” என்றாள்.

ஆண்கள் பக்கத்தில் அண்ணன் எழுந்து நின்றான். நின்றான், அவ்வளவுதான். நல்லது செய்தான். ஆனால் அவள் எழுந்த போதே எழுந்திருக்கலாம் என்று நான் அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அச்சன் சட்டென்று அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். கொயர் பாடியது. மைனியும் பாடினாள். பாட்டுப் புத்தகத்தைப் பிரிக்காமலே மார்போடு பிடித்திருந்தாள். குரல் ஆடியதா என்று தெரியவில்லை. ஆல்டோ அல்லவா, யாருக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டாள். ஏமாற்றம் ஒருபக்கம், சபையின் நடுவே தான் காது கேளாத கிழவியாகிப் போன மானக்கேடு இன்னொரு பக்கம். எனக்கு அம்மாமேல் பரிதாபம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பரிதாபப்பட வேண்டிய இடத்தில் மைனியைக் கொண்டுபோய் நிறுத்த ஊரே முயன்றபோது, அவள் அங்கே நிற்க மறுத்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அந்த வாரம் அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள், தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி, வயர் வந்துவிட்டதா என்று கேட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். வந்துவிட்டது, வந்து கேளுங்கள் என்று மைனி வீட்டுக்கே அழைத்தாள். அவள் வரவில்லை.

வயர் உண்மையிலேயே வந்திருந்தது. நான் முதலில் சொன்ன ஸ்டூலும் கொக்கியும் அந்தச் சனிக்கிழமை நடந்தவை. அம்மா பதிலைக் கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள், பாத்திரங்கள் வழக்கத்தைவிட உரக்கப் பேசின. நாங்கள் வேலையை முடித்தோம். வயரின் நுனியில் உறையைச் சீவி, இழைகளை முறுக்கி, ஸ்பீக்கரின் முதுகிலும் ஆம்ப்ளிஃபயரிலும் இருக்கும் சிவப்பு, கறுப்பு ஓட்டைகளில் சொருக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் கொயர் பாடியதை நல்ல மைக் வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். அதைப் போட்டாள்.

சத்தம் கணீரென்று வந்தது, ஆனால் அதில் ஏதோ கோணல். குரல்கள் எங்கிருந்து வருகின்றன என்றே தெரியவில்லை. அறை முழுக்கச் சிதறி, நடுவில் ஆளே இல்லாததுபோல் இருந்தது. ஆண்களின் கீழ்க்குரல் இருக்க வேண்டிய இடம் காலி. இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு அழுகை வந்தது. மைனி ஒவ்வொரு நுனியாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனாள். வலது ஸ்பீக்கரில் நான் சொருகியதுதான் தவறு. சிவப்புக் கோட்டுக் கம்பியைக் கறுப்பில் சொருகியிருந்தேன். ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கிறது, ரெண்டும் சேர்ந்து ஒன்றையொன்று தின்றுவிடுகிறது என்று அவள் சொன்னாள். மாற்றிச் சொருகியதும் குரல்கள் எல்லாம் ஓடிவந்து நடுச்சுவரில் வரிசையாக நின்றன. இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். மெட்டுக்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு கனத்த பெண்குரல் தனியாக நடந்துபோனது. பாட்டு மேலே ஏறும்போது அது ஏறவில்லை. தன் வழியில் போய், கடைசி வரியில் மற்றவர்களோடு சேர்ந்தது.

வயரின் தடிமன் ஒன்றும் செய்யவில்லை, ஒட்டுகள் போனதுதான் காரணம் என்று அண்ணன் இன்றுவரை சொல்கிறான். இருக்கட்டும். அவன் பௌதிகம் அவனோடு.

அம்மா மறுபடியும் வாசலில் வந்து நின்றிருந்தாள். கையில் ஈரம். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், “கீழ பாடுதது ஆரு?”

“நான்தான் மாமி.”

அம்மா பாட்டு முடிகிறவரை நின்றாள். கையின் ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். போய்விட்டாள்.

மறுநாள் ஆராதனையில் அச்சன் அண்ணன் பெயரையும் மைனி பெயரையும் வழக்கம்போல் வாசித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கொடுத்தவள் வந்து சொல்லவில்லை. மைனி எழுந்திருக்கவில்லை, ஆனால் ஆமென் சொல்லவும் இல்லை. அன்று மாலை செகரட்டரி அக்கா இரண்டு பெண்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உபவாச ஜெபம் ஒன்று வைக்கலாம், எல்லையைத் தாண்டி ஒரு ஊழியக்காரர் வருகிறார், அவர் தலையில் கை வைத்தால் நடக்கும் என்று அம்மாவிடம் சொன்னாள். உள்ளறையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. மைனி அவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போயிருந்தாள், கதவைச் சாத்தாமல்.

செகரட்டரி அக்கா குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் அவள் தாழ்த்துவாள். பிள்ளைச் சத்தம் இல்லாத வீட்டில் இப்படிப் பெட்டியை வாங்கிப் பாட வைத்து என்ன பிரயோஜனம், மனதில் குறை இருக்கிறவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும், அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்குக் குறை அப்படி என்றாள்.

அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் ஆமாம் என்று சொல்வாள், அழுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். நான் பதில் சொல்ல வாயைத் திறக்கக்கூட ஆயத்தமாக இருந்தேன்.

“என்ன கொறை?” என்றாள் அம்மா.

செகரட்டரி அக்கா விளங்காமல் பார்த்தாள்.

“எனக்க மருமவளுக்கு என்ன கொறையைக் கண்ட நீ? அவ பாடுதது கேக்குதா உனக்கு? இத்தற வருஷம் பக்கத்துல இருந்து கேட்டிருக்கியா? நானும் கேட்டதில்ல.” கீழே வைத்த டம்ளரை ஓரமாகத் தள்ளினாள். “அச்சன்ட்ட போய்ச் சொல்லு, அந்தப் பேர எடுத்திரட்டு. கொடுத்தது நானாக்கும். எடுக்கதும் நான்தான்.”

வந்தவர்கள் காப்பியை முடிக்காமல் போனார்கள். அம்மா ஒன்றும் பெரிய மனதுக்காரியாக மாறிவிடவில்லை. அவர்கள் படி இறங்கியதும் உள்ளே போய், சத்தத்தைக் குறை, காது அடைத்துவிட்டது என்று மைனியிடம் எரிந்து விழுந்தாள். தன் மருமகளை ஏசும் உரிமையை அவள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, அதுதான் நடந்தது என்று அண்ணன் சொல்வான். அதுவும் உண்மையாக இருக்கலாம். மைனி குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு மேசை முன்னால் உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒன்பது வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அடுத்த ஞாயிறு அந்தப் பகுதியில் அவள் பெயர் வரவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை வரவில்லை.

இப்போது எனக்கு முப்பத்தாறு வயது. பாறசாலையில் ஒரு லேபில் வேலை செய்கிறேன், தினமும் மற்றவர்களின் நரம்பைத் தேடுகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளும் எண்ணமும் இல்லை. அதில் ஒளித்துவைத்த கதை ஏதும் இல்லை, யாரும் என்னை ஏமாற்றவில்லை. என் நாட்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. இதைச் சொன்னால் ஜனங்கள் தலையைச் சாய்க்கிறார்கள். அந்தச் சாய்வு எனக்கு நன்றாகத் தெரிந்த சாய்வு.

சென்ற ஞாயிறு ஆராதனையில், ‘விவாக காரியத்துக்காகக் காத்திருக்கிறவர்கள்’ என்று புது அச்சன் வாசித்தபோது என் பெயர் வந்தது. பக்கத்தில் அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் யார் கொடுத்தது என்று கேட்டேன். அவளுக்குக் கூச்சமே இல்லை. “நானாக்கும். அவளுக்க பேர எடுத்தாச்சு. உனக்கதயும் கொடுக்காம இருக்க முடியுமா?” என்றாள். அச்சனிடம் போனேன். அம்மா வந்து சொல்லட்டும் என்றார். அம்மா சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது இதையெல்லாம் மைனியிடம் சொன்னேன். வருகிற ஞாயிறு எழுந்து நிற்கப் போகிறேன் என்றும் சொன்னேன். அவள் எனக்குத் தைரியம் சொல்லவில்லை, யோசித்துச் செய் என்றும் சொல்லவில்லை. மீனின் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அப்ப முன்பெஞ்சுல இரி மக்கா. பொறத்த நிண்ணு சொன்னா அச்சனுக்குக் கேக்காது.”